ரெஜிபோம் கரைந்துவிட்டது, படகுக்கு எந்த கோர் போடலாம்?

கேள்வி: நுவரெலியாவில் இருந்து

வணக்கம். 14 அடியில் துடுப்புப் படகு ஒன்று செய்ய இறங்கியிருக்கிறேன், காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் இருக்கிற பெரியப்பாவுக்காக. அவரிடம் இருப்பது கையால் பூசிச் செய்த கனத்த பைபர் படகு. தண்ணீர் இறங்குகிற மாதங்களில் கரை முழுக்கச் சேறாக நீண்டுவிடும், அந்தச் சேற்றில் படகை மேலே இழுக்க நாலு ஆள் வேண்டும், அவருக்கோ அறுபது தாண்டிவிட்டது. இரண்டு பேர் தூக்குகிற மாதிரி வேண்டும் என்றுதான் இரண்டு பைபர் தோலுக்கு நடுவில் கோர் (இலேசான தகடு) வைத்து, மேலே பிளாஸ்டிக் பையால் மூடி, பம்ப் போட்டு வெக்கியூமில் ரெசினை (துணியை நனைத்து இறுகுகிற பசையை) இழுக்க வைக்கும் முறைக்கு வந்தேன்.

படகில் கை வைக்கும் முன் 2 அடிக்கு 2 அடி பலகை இரண்டு செய்து பார்த்தேன். இரண்டும் பிழைத்துவிட்டன. முதலாவதில் ரெஜிபோம் (பெட்டிகளில் பொதிய வைக்கிற வெள்ளை ஃபோம்) வைத்து பொலியெஸ்டர் ரெசின் விட்டேன். இருபது நிமிடத்தில் பை நடுவில் குழிந்தது. இறுகின பிறகு வாளால் அறுத்துப் பார்த்தால் உள்ளே ரெஜிபோமே இல்லை, மேல் தோலும் கீழ்த் தோலும் ஒட்டிக் கிடக்கின்றன, ஓரத்தில் மட்டும் சூயிங்கம் மாதிரி ஏதோ பிசுபிசுக்கிறது. இரண்டாவதில் 10 மில்லிமீட்டர் பி.வி.சி. ஃபோம். மேல் தோல் நன்றாக நனைந்தது, கழற்றிப் பார்த்தால் கீழ்த் துணி வெள்ளை வெளேரென்று காய்ந்தே இருக்கிறது.

வெக்கியூம் கேஜும் (பாதரச அங்குலத்தில் காட்டுகிறது) 23 அங்குலத்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. ஒட்டு நாடாவை ஐந்து தடவை அமுக்கிவிட்டேன். கசிவு எங்கே என்று தெரியவில்லை. எந்த கோர் வாங்குவது, யாராவது சொல்லுங்கள்.

பதில்: நீர்கொழும்பு, படகுத் தளத்தில் வேலை

தம்பி, ரெஜிபோம் என்பது பொலிஸ்டைரீன். பொலியெஸ்டர் ரெசினை இளக வைத்திருப்பதே ஸ்டைரீன்தான், அது ரெஜிபோமைத் தின்றுவிடும். வைனைல் எஸ்டர் ரெசினிலும் அதே கதை. இப்பொக்சி தின்னாது, ஆனாலும் படகின் அடிக்கு அந்த மெத்தைப் பண்டம் வேண்டாம்.

நீங்கள் வாங்கின பி.வி.சி. சரியான சாமான்தான், வைத்த விதம்தான் பிழை. வெறும் ஃபோம் தகடு ஒரு அடைப்பு மாதிரி. ரெசினைப் பரப்புகிற மெஷ் (வலை) மேலே இருப்பதால் ரெசின் மேலே ஓடுகிறது, கீழே போக வழி இல்லை. 2 மில்லிமீட்டர் துளையை 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தகடு முழுக்க அடியுங்கள்.

கடையில் சின்னச் சின்னச் சதுரமாகக் கீறி, பின்னால் வலை ஒட்டின தகடும் கிடைக்கும். வளைவுக்கு அருமையாக உட்காரும், ஆனால் அதை எல்லா இடமும் போட்டுவிடாதீர்கள். கணக்கு பாருங்கள்: கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம் 10 மில்லிமீட்டரில் சதுர மீட்டருக்கு 800 கிராம்தான். 25 மில்லிமீட்டர்ச் சதுரமாக, 1 மில்லிமீட்டர் அகலத்தில் முழு ஆழத்துக்கும் கீறின தகடு என்றால், அந்தக் கீறல்களில் நிரம்புகிற ரெசின் மட்டும் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ அளவில் வரும். கோரை விடக் கீறலின் பாரம் கூட! துளைக்குள் போவது 50 கிராம் கூட வராது. அதனால் தட்டையான இடமெல்லாம் துளைத் தகடு, வளைவுக்கு மட்டும் கீறின தகடு. இலேசான கோரைத் தேடித் தேடி வாங்கி, அதைக் கீறலில் தொலைக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

தேன்கூட்டுத் தகடு யாராவது தந்தால் வாங்காதீர்கள், கண்ணெல்லாம் ரெசின் நிரம்பிவிடும். பி.இ.டி. ஃபோம் கிடைத்தால் எடுக்கலாம், மேற்பரப்பு கொஞ்சம் கூடுதலாக ரெசின் குடிக்கும், அவ்வளவுதான்.

பதில்: பண்டாரவளை

உங்கள் பையில் கசிவு இருக்காது என்று நினைக்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தமே கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஆயிரம் அடி ஏறினால் கேஜில் ஓர் அங்குலம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்கொழும்பில் 29க்கு மேல் ஏறுகிற பம்ப் உங்களிடம் 24ஐத் தாண்டாது. 23 வந்தால் நல்ல வெக்கியூம். சந்தேகம் என்றால் பம்ப் குழாயை இறுக்கி மூடிவிட்டு 15 நிமிடம் முள்ளைப் பாருங்கள்.

எனக்குக் கவலை குளிர்தான். எத்தனை மணிக்கு ரெசின் விட்டீர்கள்? காலை 14 பாகையில் அது பாணி மாதிரி தடித்துவிடும், துணிக்குள் ஓடாது. முதல் நாள் இரவே ரெசினையும் அச்சையும் சூடான அறையில் வையுங்கள், 20 பாகைக்கு மேல் வந்த பிறகு விடுங்கள். அடுப்பில் மட்டும் சூடாக்காதீர்கள், ஸ்டைரீன் ஆவி தீப்பிடிக்கும். குளிருக்காக, ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரை அள்ளி ஊற்றுவதும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

காலை ஏழு மணிக்கு விட்டேன் அண்ணே, வெளியே மூடுபனி. முள்ளைப் பார்த்தேன், 15 நிமிடத்தில் அசையவே இல்லை. ஒரு வாரமாக இல்லாத கசிவைத் தேடியிருக்கிறேன்.

இன்னொன்று. பல்சா மரம் நல்லது என்கிறார்கள். இங்கே தோட்டத்தில் அல்பீசியா நிறைய நிற்கிறது, அதை அறுத்துப் போடலாமா?

பதில்: நீர்கொழும்பு

பல்சா ஃபோமை விட விறைப்பு, நசுங்காது, ஆனால் படகுக்குப் போடுவது கன மீட்டருக்கு 150 கிலோ அளவில் இருக்கும், ஃபோமைப் போல இரண்டு மடங்கு. அதையும் நார் நிமிர்ந்து நிற்கிற மாதிரி குறுக்கே வெட்டித்தான் வைப்பார்கள், நீள வாக்கில் இல்லை. அல்பீசியா அதை விடப் பாரம். உங்கள் மூடுபனியில் அதைச் சரியாகக் காயவைத்து எடுப்பதும் கஷ்டம். ஈர மரத்தின் மேல் ரெசின் பிடிக்காது, பிடித்தாலும் பிறகு ஓர் ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளேயே உக்கிவிடும். பெரியப்பா ஏறுகிற படகு தம்பி, அடிக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூன்றாவது பலகை முடிந்தது. துளை அடிக்கவே முக்கால் மணி நேரம் பிடித்தது. ரெசினை இரவு முழுக்க அடுப்பங்கரைக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்து, நண்பகலில் விட்டேன். கழற்றிப் பார்த்தபோது கீழ்த் தோல் முழுக்கக் கண்ணாடி மாதிரி தெளிவு, உள்ளே துளைகள் நின்ற இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி. எடை 2 கிலோ 100 கிராம். அதன் மேல் நான் ஏறி நின்றேன், அசையவில்லை.

துடுப்புக் கொளுவி வருகிற இடத்தில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு மரைன் பிளைவுட் வைக்கப் போகிறேன். அது சரிதானே?

பதில்: நீர்கொழும்பு

சரி. திருகாணி போகிற எந்த இடத்திலும் ஃபோம் இருக்கக்கூடாது. பிளைவுட்டின் வெட்டு ஓரங்களுக்கு முதலில் ரெசின் பூசிக் காயவிட்டு, பிறகு வையுங்கள்.