தம்பியை ரிமாண்ட் செய்துவிட்டார்கள், எந்தச் சிறை என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்துப் பார்ப்பது?

தெற்குத்தெரு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டுச் சிறை நடைமுறை தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

என் தம்பிக்கு 26 வயது. வேறு மாவட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை ராத்திரி அவன் தங்கியிருக்கும் ரூமுக்குப் போலீஸ் வந்து, அவனையும் கூட இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடிதடி கேஸ் என்று பக்கத்து ரூம் பையன் போனில் சொன்னான். போலீஸ் தரப்பிலிருந்து எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு இன்றைக்குக் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். "ரிமாண்ட் பண்ணியாச்சு, வக்கீலைப் பாருங்க" என்பதோடு சரி. எந்தச் சிறை என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள மத்தியச் சிறைக்குப் போய்க் கேட்டோம். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார்கள். கைதியைப் பார்க்க முன்பதிவு செய்யும் ஈ-முலாகாத் இணையதளத்தில் பதிந்து பார்க்கலாம் என்றால், அதிலும் எந்தச் சிறை என்று முதலில் கேட்கிறது.

எனக்குப் பெரிய பயம் வேறு. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை போட்டாக வேண்டும். ரூமைத் திறந்து பார்த்தால் மாத்திரை அட்டை தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. சனிக்கிழமை ராத்திரி வேளை மாத்திரை அட்டையில் அப்படியே இருக்கிறது. அதற்கு அப்புறம் அவன் ஒன்றும் போட்டிருக்க வழியில்லை.

அவனை எப்படிக் கண்டுபிடிப்பது, மாத்திரையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எப்போது பார்க்க விடுவார்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

கீழ்க்கோர்ட்

சகோதரி, நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் கிரிமினல் கேஸ் பார்க்கும் வக்கீல். சிறை சிறையாக அலைவதை நிறுத்திவிட்டு, ரிமாண்ட் செய்த கோர்ட்டைக் கண்டுபிடியுங்கள். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும்போது மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்ட ரிமாண்ட் வாரண்ட் கூடவே போகும். எந்தச் சிறை என்பது அதில் எழுதியிருக்கும்.

கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவே அப்படிச் சொல்கிறது. சனிக்கிழமை ராத்திரி பிடித்தார்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் ரிமாண்ட் ஆகியிருக்கும். விடுமுறை நாளில் பொறுப்பில் இருக்கும் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட் நடப்பது வழக்கம். அவர் அந்த ஸ்டேஷன் எல்லைக்கு வழக்கமான மாஜிஸ்திரேட்டாக இல்லாமலும் இருக்கலாம். எப்படியானாலும் காகிதங்கள் அந்த ஸ்டேஷனுக்கு உரிய ஜே.எம். (ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டுக்கு வந்து சேரும். நாளைக் காலை கோர்ட் ஆரம்பிக்கும் முன்பே அங்கே போய் பெஞ்ச் கிளார்க்கிடம் தம்பி பெயர், அப்பா பெயர், ஸ்டேஷன் பெயர், ரிமாண்ட் ஆன நாள் நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். எண் கிடைத்தால் இன்னும் சுலபம். 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், தேதி கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

ஸ்டேஷனில் மறுபடி கேட்க வேண்டி வந்தால் சட்டத்தைச் சொல்லியே கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48-வது பிரிவுப்படி, கைது செய்ததையும் எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் உடனே சொல்ல வேண்டும். 37-வது பிரிவுப்படி கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை எல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, "48-வது பிரிவுப்படி தகவல் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். கேட்கிற விதம் மாறினால் பதிலும் மாறும் என்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

மாத்திரை விஷயத்தை ஆள் கிடைக்கும்வரை தள்ளிப்போட வேண்டாம். நாளைக்கே ஒரு வக்கீல் மூலம் அதே கோர்ட்டில் மனு போடுங்கள். டாக்டர் சீட்டு நகலை இணைத்து, சிறை மருத்துவர் உடனே பார்த்து மருந்து தர உத்தரவிடக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். அது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு அது.

---

மனு வரிசை

அக்கா, என் வீட்டுக்காரர் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களில் நான் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று சிறையில் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரிமாண்ட் ஆனவுடன் நேராக மத்தியச் சிறைக்குத்தான் போவார்கள் என்று இல்லை. கிளைச் சிறையில், அதாவது சப் ஜெயிலில், வைத்துவிட்டு அப்புறம் மாற்றுவது உண்டு. உடம்பு சரியில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் கைதிகள் வார்டில் இருப்பார்கள். உங்கள் தம்பிக்கு வலிப்பு இருப்பதால் அங்கேயும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பெயர். நாம் இனிஷியல் போட்டுச் சொல்வோம், அங்கே அப்பா பெயரை முழுதாகச் சேர்த்து எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறினாலே கம்ப்யூட்டரில் வராது. கூப்பிடும் பெயரையும் "என்கிற" என்று போட்டு எழுதியிருப்பார்கள். அதனால் பெயரை மட்டும் சொல்லாமல் அப்பா பெயர், வயது, ஸ்டேஷன், ரிமாண்ட் தேதி எல்லாம் சொல்லி, அந்தத் தேதியில் வந்தவர்களின் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் நல்ல மனதோடு இருந்தால் இரண்டு நிமிஷ வேலைதான்.

சிறை தெரிந்ததும் மனு போடுவது. கைதியைப் பார்க்கும் சந்திப்பைத்தான் சிறையில் மனு என்பார்கள். ஈ-முலாகாத் ஆளைத் தேடித் தராது, எந்தச் சிறை என்று தெரிந்த பிறகு முன்பதிவு செய்யத்தான் அது. மாநிலம், சிறை, கைதி விவரம், உங்கள் விவரம், அடையாள அட்டை எண் எல்லாம் நிரப்பினால் ஓ.டி.பி. வரும். நேரில் பார்ப்பதா, வீடியோவில் பேசுவதா என்று அதிலேயே தேர்ந்தெடுக்கலாம். அனுமதி வந்த பிறகு கிளம்பினால் போதும்.

எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது சிறைக்குச் சிறை மாறும், விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் மாறும். முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஆதார் அட்டை அவசியம். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. பக்கத்தில் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே வாருங்கள், அல்லது கூட வருபவர் வெளியே வைத்துக்கொள்ளட்டும். பணத்தைக் கையில் கொடுக்க முடியாது, சிறையில் கைதியின் பெயரில் இருக்கும் பி.சி.பி. கணக்கில்தான் கட்ட வேண்டும். சிறை கேண்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்க அந்தப் பணம்தான் உதவும். மாற்றுத் துணி, உள்ளாடை கொண்டுபோங்கள். தண்டனை ஆகாதவர்கள் சொந்தத் துணி உடுத்தலாம். வேறு என்ன பொருள் வாங்குவார்கள் என்பதைக் கவுண்டரில் கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வீணாகத் திரும்பி வரும்.

பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. பெரிய சிறைகளில் நடுவே கண்ணாடி, இரண்டு பக்கமும் இண்டர்காம் போன். சில இடங்களில் கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேச வேண்டும். கேட்க வேண்டியதை முன்பே மனதில் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை கிடைக்கிறதா, அடித்தார்களா, எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா, வக்கீல் பெயர். இவ்வளவும் முதலில். அழுகை அப்புறம் வரட்டும் அக்கா. முதல் தடவை நான் பேசவே முடியாமல் நின்றதைப் பார்த்து அவர் உள்ளே இன்னும் உடைந்துபோனார்.

---

ஊர்க்குருவி

கேட்டவருக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. பிடிபட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் சிறையில் தேடவே வேண்டாம். இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தி, கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் அனுப்புவார்கள். 18-ஐத் தாண்டிய இளவயதினர் பார்ஸ்டல் பள்ளியில் இருக்கலாம். பெண்களுக்குப் புழல், வேலூர், திருச்சி, மதுரை, கோவை ஆகிய இடங்களில் தனிச் சிறப்புச் சிறைகள் இருக்கின்றன. சென்னையில் புழலிலும் தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு வேறு சிறை. ஒன்றின் வாசலில் காத்திருந்துவிட்டு "இங்கே இல்லை" என்று திரும்பியவர்கள் உண்டு.

---

தெற்குத்தெரு

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் அம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் சொல்லிவிட்டார். முதல் ராத்திரி கிளைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். திங்கள்கிழமை மதியத்துக்கு மேல் மத்தியச் சிறைக்கு மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் போய்க் கேட்ட அதே சிறைதான், நாங்கள் போனது காலையில். பெயரும் அப்பா பெயரோடு சேர்ந்து ஒரே பெயராகப் பதிவாகியிருக்கிறது.

15100 மூலம் ஒரு வக்கீல் கிடைத்தார். மருந்து மனுவை இன்றைக்கே போட்டுவிட்டார். ஆனால் மாத்திரை அட்டையைச் சிறை வாசலில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

அப்புறம், யாரென்றே தெரியாத ஒருவர் அப்பாவுக்குப் போன் செய்து, "உள்ளே ஆள் இருக்கு, பணம் போட்டால் நல்ல பிளாக்கில் வைப்பாங்க, ஜாமீனும் நானே எடுத்துத் தரேன்" என்கிறார். எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது என்றே தெரியவில்லை.

---

கீழ்க்கோர்ட்

அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். எண்ணைக் குறித்து வைத்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். ஜாமீன் என்பது கோர்ட் கொடுப்பது, அதற்கு மனு எண் இருக்கும், ஈ-கோர்ட்ஸ் தளத்தில் நீங்களே பார்க்கலாம். எண் சொல்லாமல் ஜாமீன் பேசுபவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

வெளி மாத்திரையை வாசலில் வாங்காதது நடைமுறைதான், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. மாத்திரைக்குப் பதில் காகிதத்தைக் கொடுங்கள். டாக்டர் சீட்டு, பழைய இ.இ.ஜி. (மூளை அலைப் பரிசோதனை) இருந்தால் அதன் நகல், மாத்திரை அட்டையின் பெயர் தெரியும் போட்டோ பிரதி ஆகியவற்றோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தெந்த வேளை, கடைசியாகப் போட்டது எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சிறையில் சேர்க்கும்போதே மருத்துவர் பரிசோதித்து உடல்நிலையைப் பதிய வேண்டும் என்பது 1894 சிறைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பதிவில் வலிப்பு என்று இருக்கிறதா என உங்கள் வக்கீல் கேட்கட்டும். விசாரணைக் கைதியை வக்கீல் தனியாகச் சந்தித்துப் பேசலாம், அந்த உரிமையும் அதே சட்டத்தில் உண்டு.

---

தெற்குத்தெரு

பார்த்துவிட்டேன். மெலிந்திருக்கிறான், ஆனால் தெளிவாகப் பேசினான். கிளைச் சிறையில் ஒரு தடவை வலிப்பு வந்திருக்கிறது. இங்கே மாற்றிய பிறகு சிறை ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கடிதத்துக்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். அடிக்கவில்லை என்றான். என்னைக் கேட்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் அவன் கையெழுத்தை எப்படி வாங்குவது? அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குக் கூட்டி வருவார்களா? அம்மா அங்கேயாவது பார்க்க வேண்டும் என்கிறார்.

---

கீழ்க்கோர்ட்

வக்காலத்துப் படிவத்தை வக்கீலே சிறைக்குக் கொண்டுபோவார். தம்பி கையெழுத்துப் போட்டதும் சிறை அதிகாரி சான்றொப்பம் செய்து கொடுப்பார். அந்தக் கையெழுத்துக்கு மட்டும் பயப்படாமல் போடலாம் என்று தம்பிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

காவல் நீட்டிப்பைப் பெரும்பாலும் வீடியோவிலேயே முடித்துவிடுகிறார்கள். அம்மாவைக் கோர்ட் வாசலில் காக்க வைக்காதீர்கள். அவர் பெயரிலும் ஈ-முலாகாத்தில் பதிந்து மனுவுக்கே கூட்டிப் போங்கள். பயணம் முடியாது என்றால் வீடியோ சந்திப்புக்குப் பதியுங்கள். சிறையிலிருந்து வீட்டுக்குப் போன் பேசும் வசதியும் உண்டு. அம்மா எண்ணைப் பதிந்துகொள்ள அடுத்த மனுவில் தம்பியிடம் சொல்லுங்கள்.

ரிமாண்ட் ஆன தேதியை எழுதி வையுங்கள். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால், ஜாமீன் கேட்பது அவர் உரிமை. அதற்கு முன்பே வழக்கமான ஜாமீன் மனு போடலாம், வக்காலத்து வந்த அன்றைக்கே போடச் சொல்லுங்கள். முத்திரை வாங்கிய அந்த மருத்துவக் கடித நகலையும் மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள். கிளைச் சிறையில் வலிப்பு வந்ததையும் மனுவில் தேதியோடு சேர்க்க வேண்டும்.