குருதிக்குழாய்க் கிளைப்புத் தடை எண்டு வைப்பமோ?

அண்ணை, ‘ஆஞ்சியோஜெனிசிஸ் இன்ஹிபிஷன்’, அதாவது உடம்பில புது ரத்தக்குழாய் முளைக்கிறதைத் தடுக்கிறதுக்கு, நீங்கள் போட்ட ‘இரத்தநாள வளர்ச்சித் தடுப்பு’ எண்ட தமிழ்ச்சொல் தமிழ்நாட்டுக்குச் சரி, ஆனா இஞ்ச வன்னியில பதினோராம் வகுப்பில ஓஎல் சோதினைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நாளம் எண்டா இதயத்துக்கு ரத்தம் திரும்பி வாற குழாய் மட்டும்தான், மற்றது நாடி. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல பாடப்புத்தகத்தில குருதிக்கலன் எண்டு இருக்கு. சனத்தின்ர வாயில அதுவும் இல்லை, நேர்ஸ் சேலைன் ஏத்த முழங்கை மடிப்பில தட்டித்தட்டித் தேடுறது ‘நரம்பு’! அதை எடுத்தா நரம்பியல்காரர் சண்டைக்கு வருவினம், விடுவம்.

முதல்ல ‘கலன்கிளைப்பு’ எண்டு சுருக்கலாம் எண்டுதான் பாத்தன், ஆனா எங்கட பக்கம் செல்லுக்குப் பேர் கலம், காதில ரெண்டும் ஒண்டாத்தான் விழும். குழாய் எண்டா ரெண்டு கரையிலயும் விளங்கும்.

‘வளர்ச்சி’யை மாத்தத்தான் வேணும். புற்றுநோய்க் கட்டி ஒண்டு ரெண்டு மில்லிமீற்றருக்கு மேல பெருக்க ரத்தம் வேணும், அதுக்கு விஇஜிஎஃப் எண்ட புரதத்தை வெளிய விடும், உடன பக்கத்தில ஏற்கெனவே இருக்கிற குழாயில இருந்து புதுக் கிளை வெடிச்சு கட்டிக்குள்ள போகும், இரணைமடுக் குளத்து வாய்க்காலை இரவோடிரவா வெட்டி தன்ர வயலுக்குத் தண்ணி திருப்புற ஆள் மாதிரி. பிறகு கட்டியின்ர கலங்கள் வேற உறுப்புக்குப் போறதுக்கும் அந்தக் கிளை வழியாகிடும். கருவில முதன்முதல் குழாய் உண்டாகிறது வேற விசயம், ‘உருவாக்கம்’ எண்ட சொல்லை அதுக்கு மிச்சம் வைப்பம்.

இன்னொண்டு, விளக்கத்தில ‘புற்றுநோய் பரவாமல் தடுக்கும் மருந்து’ எண்டு எழுதியிருக்கிறியள், அது கூடிப்போச்சு அண்ணை. கிளைப்பைத் தடுத்துக் கட்டியை அடக்கலாம் எண்ட யோசனையை அமெரிக்க அறுவைச்சிகிச்சை வைத்தியர் ஜூடா ஃபோக்மன் 1971இல சொன்னவர், 2004இல இந்த வகை மருந்தான பெவாசிசுமாப்புக்கு அமெரிக்காவில அனுமதி குடுத்தது ஏற்கெனவே பரவின பெருங்குடல் புற்றுநோய்க்கு, அதுவும் கீமோவோட சேர்த்து. மார்புப் புற்றுநோய்க்குக் குடுத்த அனுமதியை 2011இல திருப்பி எடுத்திட்டினம். கட்டி ரத்தத்துக்கு வேற வழி தேடிக்கொள்ளும், மருந்தால பிறஷர் ஏறும், காயம் ஆறச் சுணங்கும். கிளிநொச்சியில இருந்து தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப்போற சனம் வாசிக்கப்போறது, அதால ‘கிளைப்பை மட்டுப்படுத்தும்’ எண்டு போடுங்கோ.

முழுச்சொல் நீளம்தான், மருந்தைச் சொல்லேக்க ‘கிளைப்புத்தடை மருந்து’ காணும். சலரோகக்காரருக்கு விழித்திரையில புதுக்குழாய் முளைக்கேக்க கண்ணுக்குள்ள போடுற ஊசிக்கும் இதே சொல் பொருந்தும் எண்டு நினைக்கிறன், கண் கிளினிக்கில வேலை செய்யிற ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ.