அகூட்டி: காட்டுநிறமா, வளையமயிரா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

வளர்ப்பு எலிகளில் ‘அகூட்டி’ (agouti) என்கிற மயிர் வகைக்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் சொன்ன ‘காட்டுநிறம்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நாம் பெயர் தேடுவது நிறத்துக்கு அல்ல, மயிரின் அமைப்புக்கு.

போன வாரம் குழித்துறையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு எலியின் முதுகிலிருந்து ஒற்றை மயிரை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்து லென்ஸில் பார்த்தேன். அடி கருஞ்சாம்பல். நுனிக்குச் சற்றுக் கீழே மஞ்சளாக ஒரு வளையம். நுனி மறுபடியும் கறுப்பு. மயிர் வளரும் நாட்களில் இடையில் கொஞ்ச காலம் மட்டும் அகூட்டி ஜீன் வேலை செய்து, கறுப்பு நிறமிக்குப் பதில் மஞ்சளை உண்டாக்க வைக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் கலந்து வயல் எலியின் நிறம்.

வளர்ப்பு எலிகளில் ‘சின்னமன்’ என்ற வகைக்குக் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு. ‘சின்சில்லா’ என்ற வகைக்கு வளையமே வெளுத்திருக்கும். இரண்டும் அகூட்டிதான், ஆனால் எதுவும் காட்டெலி நிறத்தில் இல்லை.

‘இடைப்பட்டை’ என்றும் யோசித்தேன். ஆனால் சின்னமனை நம் ஊரில் கருவாப்பட்டை நிறம் என்றுதானே சொல்வோம்? ‘இடைப்பட்டைக் கருவாப்பட்டை’ என்று எழுதினால் வாசிப்பவர் பாவம்.

அதனால் என் சொல் ‘வளையமயிர்’. மயிர் வசவாகிவிட்டது, ‘உரோமம்’ என்று மாற்றலாம் என்பார்கள். மயிர்க்கால், மயிர்க்கூச்செறிதல் என்று கூசாமல் எழுதுகிறோம். நல்ல தமிழ்ச்சொல்லை வசவுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இதன் எதிர்ப்பதமும் எளிதாக வருகிறது: ‘வளையமிலி’, கறுப்பு எலியைப் போல மயிரில் வளையமே இல்லாதது. என்னிடம் ஒரு வளையமயிர் ஜோடி 8 குட்டி போட்டது, அதில் 2 கறுப்பு. விற்றவரிடம் கேட்டால், “வேற ஆண் சேர்ந்திருக்கும்” என்றார். அந்தக் கூண்டில் வேறு ஆணே கிடையாது. தாய், தகப்பன் இரண்டும் ஆளுக்கொரு வளையமிலி ஜீனை உள்ளே வைத்திருந்தன. பாடநூல் சொல்லும் ஒடுங்கு பண்பு இதுதான். அந்தக் கறுப்பு எலிகளை ஒன்றோடொன்று இணைத்தால் வளையமயிர்க் குட்டி ஒன்றுகூடப் பிறக்காது. கறுப்பு நிறத்தை நிலைநிறுத்த விரும்புகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

சரி, இப்படி ஜீனை வெளிக்காட்டாமல் வைத்திருக்கும் எலியை, அதாவது கேரியரை, என்னவென்று சொல்வது? ‘கடத்தி’ என்றால் மின்சாரம்தான் நினைவுக்கு வருகிறது. ‘உட்பொதி’ என்று வைத்துப் பார்த்தேன், இன்னும் திருப்தியில்லை. அண்ணாச்சி ஒரு சொல் தாருங்கள்.