சிங்கிள் ஸ்பீடுக்கு எந்த செயின்? புதிய செயின் பின்பல்லில் இறங்கவில்லை

கேள்வி:
கியர் சைக்கிளை ஃபிக்ஸ்டு கியராக (ஒரே கியர், பெடல் எப்போதும் பின்சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும்) மாற்றிக்கொண்டிருக்கிறேன். முன்னால் பழைய கிராங்கின் (பெடல் தண்டின்) 42 பல் சக்கரமே இருக்கிறது. பின்னால் மட்டும் புதிதாக 16 பல். பிரிக்காத 8 ஸ்பீடு செயின் (பின்னால் 8 பற்சக்கரம் உள்ள கியர் சைக்கிளுக்கானது) ஒன்று வீட்டில் இருந்தது, அதையே வெட்டிப் போட்டேன். முன்னால் நன்றாக உட்காருகிறது. பின்னால் பல்லின் மேலேயே ஏறி நிற்கிறது. கையால் பெடலைச் சுற்றினாலே கடகடவென்று சத்தம். செயினை மாற்றுவதா, பல்லை மாற்றுவதா?

பதில் 1:
முதலில், இந்த செயினோடு தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். ஃபிக்ஸ்டில் செயின் கழன்று சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இரண்டும் நல்ல பொருள்தான், ஜோடி சேரவில்லை. கண்ணிகளின் இடைவெளி இரண்டு வகை செயினிலும் அரை அங்குலம்தான். மாறுவது அகலம். உங்கள் 8 ஸ்பீடு செயினின் உள்ளகலம் 3/32 அங்குலம், சுமார் 2.4 மி.மீ. ஃபிக்ஸ்டு பற்கள் பெரும்பாலும் 1/8 அங்குல செயினுக்கானவை, அதாவது சுமார் 3.2 மி.மீ. தடித்த பல் ஒல்லியான செயினுக்குள் போகாது. ஆனால் அகலமான செயின் ஒல்லியான பல்லில் தாராளமாக ஓடும். அதனால் 1/8 வாங்குங்கள், முன்சக்கரம் அப்படியே இருக்கட்டும்.

பதில் 2:
அண்ணன் சொன்னதுதான் சரி. முன்பல் தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்திருந்தால் புது செயின் அதில் குதிக்கும். அப்புறம், செயினின் இரு முனைகளையும் இணைக்க கிளிப் வைத்த செயின் லாக் வந்தால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

கேட்டவர்:
1/8 போட்டுவிட்டேன், அழகாக இறங்கிவிட்டது. மிக்க நன்றி! ஆனால் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது ஓரிடத்தில் விறைப்பாகிறது, இன்னோரிடத்தில் தொங்குகிறது. செயின் கோளாறா?

பதில் 1:
கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வருகிறதென்றால் செயின் இல்லை, முன்சக்கரம் மையம் விலகியிருக்கிறது. அதன் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். விறைப்பான இடத்தில் நிறுத்தி, செயினின் நடுவில் லேசாகத் தட்டினால் சக்கரம் சற்று நகரும். சுற்றிப் பார்த்து மறுபடி தட்டுங்கள். நான் பொதுவாக நாலைந்து முறை தட்டுவேன். சமமானதும் போல்ட்டுகளை முறுக்கிவிட்டுப் பின் அச்சை இழுத்து வையுங்கள். மிக விறைப்பான இடத்தில் செயினை மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குலம் ஆட வேண்டும். கம்பிபோல் இழுத்துவிடாதீர்கள், பேரிங் கெடும்.

கேட்டவர்:
மூன்றாவது தட்டிலேயே சரியாகிவிட்டது. இப்போது சத்தமே இல்லை.