உட்ஸ்டாக் 1969: நேரில் சென்றவர் உண்டா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் பெத்தேலில், பால்பண்ணை நிலத்தில் நடந்த உட்ஸ்டாக் இசைவிழாவுக்குச் சென்ற தமிழர் எவரேனும் இங்கு இருக்கிறீர்களா? 4 லட்சம் பேருக்கு நடுவே எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: அப்போது நான் மாணவன். வாகனங்கள் நகராததால் காரைச் சாலையோரம் விட்டுப் பல மைல் நடந்து சேர்ந்தபோது, வேலியே முழுமையாகக் கட்டப்படாததால், காசு கொடுத்து வாங்கிய நுழைவுச்சீட்டைக் கேட்பாரில்லை. அது இன்றும் கிழிபடாமல் என் பெட்டியில் இருக்கிறது. வெள்ளி இரவு ரவி சங்கர் சிதார் வாசித்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு பெய்த பெருமழையில் செருப்பைச் சேற்றுக்குப் பறிகொடுத்தேன்.

மற்றொருவர்: ஐயா, கோவைப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரின் தொடக்கவுரையைக் கேட்டீர்களா?

பதில்: இல்லை, அந்நேரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். திங்கள் காலை கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தபோது கூட்டம் பெரிதும் கலைந்திருந்தது. வெறுங்காலுடன் நின்று கேட்டேன்.