ஃபாண்ட் மேனேஜரில் தமிழ் ஃபாண்ட் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது, உதவுங்கள்

அட்டைவேலை:
வணக்கம். கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை டிசைன் செய்கிறேன். விண்டோஸ் 11. வருஷக்கணக்கில் சேர்ந்த ஃபாண்ட் முழுக்க சிஸ்டத்திலேயே கிடப்பதால் ஃபோட்டோஷாப் திறக்கவே திணறுகிறது. வேண்டியதை மட்டும் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம் என்று இலவச ஃபாண்ட் மேனேஜர் ஒன்று போட்டேன். ப்ரிவியூவில் "திருமண அழைப்பிதழ்" என்று அடித்தால் பாமினி வகை (யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ்) ஃபாண்ட் அத்தனையும் ஒரே முகமாக வருகிறது. ஆங்கில வாக்கியம் போட்டாலோ சம்பந்தமே இல்லாத தமிழ் எழுத்துகள். சிலது ஆக்டிவேட் ஆகியும் ஃபோட்டோஷாப் பட்டியலில் இல்லை. ஃபைல் கெட்டுவிட்டதா, சாஃப்ட்வேரை மாற்ற வேண்டுமா?

எழுத்துப்பட்டறை:
இரண்டும் இல்லை தம்பி. நீங்கள் அடித்தது யூனிகோட், அதாவது எல்லா மொழிக்கும் தனித்தனி இடம் தரும் பொதுக் குறியேற்றம். பாமினி ஃபாண்டில் யூனிகோட் தமிழ் இடமே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உட்கார்ந்திருக்கும். 'எம்' இடத்தில் அ, 'கே' இடத்தில் ம. ஃபாண்டில் எழுத்து கிடைக்காததால் விண்டோஸ் தன்னுடைய நிர்மலா என்ற ஃபாண்டை எடுத்துக் காட்டுகிறது. அந்த ஒரே முகம் நிர்மலாதான்.
முதலில் ஃபோல்டர் பிரியுங்கள்: பாமினி தனி, டாப் தனி, யூனிகோட் தனி. டாப் என்பது 1999-இல் தமிழக அரசு அறிவித்த இருமொழிக் குறியேற்றம், அதில் ஆங்கிலம் ஆங்கிலமாகவே தெரியும். அதை வைத்தே அடையாளம் காணலாம். பிறகு "திருமண அழைப்பிதழ்" என்பதை என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற குறியேற்றம் மாற்றும் சாஃப்ட்வேரில் பாமினிக்கு மாற்றி, அந்த வரியை ப்ரிவியூவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஃபாண்டும் தன் சொந்த முகத்தைக் காட்டும்.

அச்சகநண்பர்:
பட்டியலில் வராத ஃபைல்களின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். பிஎஃப்பி என்றிருந்தால் டைப் 1 என்ற பழைய ஃபாண்ட் வகை. 2023 ஜனவரியோடு அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது, ஃபோட்டோஷாப்பில் அதற்கும் முன்பே. எந்த மேனேஜர் போட்டாலும் வராது. உரிமம் அனுமதித்தால் ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற ஃபாண்ட் எடிட்டரில் திறந்து, இப்போது புழங்கும் ஓடிஎஃப் வகையாக ஆக்கிக்கொள்ளலாம்.

அட்டைவேலை:
அண்ணா, பாமினி வரியை ஒட்டியதும் எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது! ரொம்ப நன்றி. வராததில் பாதி பிஎஃப்பிதான். மீதி டிடிஎஃப், ஃபைல் பெயர் வேறு வேறு, ஆனால் ஒன்றை ஆக்டிவேட் செய்தால் இன்னொன்று காணாமல் போகிறது.

எழுத்துப்பட்டறை:
ஃபைல் பெயரை நம்பாதீர்கள், உள்ளே பதிந்திருக்கும் குடும்பப் பெயர்தான் கணக்கு. சிடியில் கைமாறி வந்த பழைய தொகுப்புகளில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கிடக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தனி ஃபோல்டரில் ஒதுக்குங்கள். அழிக்க வேண்டாம்; பழைய வாடிக்கையாளர் போன வருஷப் பத்திரிகையில் தேதி மட்டும் மாற்றக் கேட்டால் அதே ஃபாண்ட் வேண்டும். ஏற்கெனவே இன்ஸ்டால் ஆனதையும் சிஸ்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் மோதும். நிர்மலா, லதா மாதிரி விண்டோஸ் தந்ததைத் தொடாதீர்கள்.

அச்சகநண்பர்:
புது வேலையை யூனிகோடில் ஆரம்பியுங்கள். முக்த மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன் எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், அச்சு வேலைக்கும் தாராளமாகப் போடலாம். இன்டிசைனில் 'கொ' பிரிந்து நின்றால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசருக்கு மாற்றுங்கள், சேர்ந்துவிடும்.