குடும்பக் குழுவில் ஒரு சொல்: பிராகடோசியோ

கயல்: அத்தை, 1964-இல் குத்துச்சண்டையில் சன்னி லிஸ்டனுடன் மோதுவதற்கு முன் முகமது அலி பேசிய பேச்சையெல்லாம் என் ஆங்கிலக் கட்டுரையில் ‘பிராகடோசியோ’ என்று குறிப்பிட்டிருக்கிறேன். தற்பெருமை என்ற பொருளில்தான் எழுதினேன். அது சரிதானா?

அத்தை: தற்பெருமை என்பது பாதிப் பொருள்தான், கண்ணு. உள்ளே சரக்கில்லாமல் அடிக்கும் தம்பட்டத்துக்கே அந்தச் சொல் பொருந்தும்; நம் ‘வாய்ச்சவடால்’ அதற்கு மிக நெருக்கமானது. ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் 1590-இல் வெளியிட்ட ‘தி ஃபேரி குயின்’ காவியத்தில், ‘பிராக்’ (பெருமையடித்தல்) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இத்தாலியச் சாயலில் ஒரு விகுதி சேர்த்து, ஒரு பாத்திரத்துக்கு அவர் இட்ட பெயர் இது. அவன் ஏறிவரும் குதிரையும் ஏந்திய ஈட்டியும் வேறொரு வீரனிடம் திருடியவை. வாள் எங்கே என்று கேட்டால், உலகின் தலைசிறந்த வீரனுடைய வாளைத் தவிர வேறெதையும் அணிவதில்லை எனச் சூளுரைத்திருப்பதாகச் சொல்லும் அவன், காட்டில் யாரோ வரும் சலசலப்புக் கேட்டதும் குதிரையிலிருந்து விழுந்து புதருக்குள் ஊர்ந்து ஒளிந்துகொள்கிறான். அந்தப் புதரை மறந்துவிட்டு இச்சொல்லைக் கையாளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியப்பா: அப்போது அலிக்கு 22 வயதுதான். லிஸ்டனே வெல்வார் என்று பெரும்பாலான நிருபர்கள் நம்பியிருந்தபோது, அவர்கள் காதுக்கு அது சவடாலாகத்தானே கேட்டிருக்கும்?

அத்தை: உண்மைதான் அண்ணா, ஆனால் பிப்ரவரி 25 அன்று லிஸ்டன் ஏழாவது சுற்றுக்கு எழுந்தே வரவில்லை. முடிவு தெரிந்த பிறகு எழுதுகிற நாம், சொன்னதைச் செய்து காட்டியவரின் பேச்சுக்கு நம் தீர்ப்பாக அச்சொல்லைச் சூட்டுவது நியாயமில்லை.

கயல்: ராப் பாடல்களைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் பாராட்டாகவே சொல்கிறார்களே?

அத்தை: அங்கே அது தன்னை உயர்த்திப் பாடும் ஒரு பாணியின் பெயராகிவிட்டதால், இழிவுப் பொருள் தேய்ந்துவிட்டது. மற்ற இடங்களில் அது வசையே. இன்றைய வழக்கில் அது பெரும்பாலும் ஆளைக் குறிக்காமல் பேச்சையே குறிக்கும். வினைச்சொல்லாக வராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

கயல்: அப்படியானால், ‘நிருபர்கள் வெறும் பிராகடோசியோ என்று ஒதுக்கிய அலியின் பேச்சு’ என்று மாற்றிவிடுகிறேன்.

அத்தை: இப்போது சரியாக இருக்கிறது. அந்தப் போட்டியின்போது அவர் பெயர் காசியஸ் கிளே என்பதையும் சேர்த்துவிடு.